எறும்பு ஏறிய சட்டை

கூடத்துச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் அடித்திருந்த ஆணியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வெளிர்நீலம், அரைக்கை, துவைத்துத் துவைத்துக் காலரில் நூல் பிரிந்தது. தரையோரத்திலிருந்து எறும்புகள் ஒற்றை வரிசையாகச் சுவரேறி, ஆணியைச் சுற்றி இறங்கி, மார்புப் பைக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது நாட்டுச் சர்க்கரை. அந்த நிமிடம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்த திருடன் தடயத்தோடு அகப்பட்டுவிட்டான் என்கிற மகிழ்ச்சி. சட்டைக்காரர் வாசல் பக்கம் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் தங்கையை மணந்தவர் அவர். எனக்கு அவர் சகலை, அவருக்கு நான் சகலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்ட நினைவே இல்லை. ஆவடியில் ஒரு படைத்துறைத் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. நான் பௌதிகம் படித்துவிட்டுத் தெற்கேயிருந்து வந்து, செய்து முடித்த உறுப்புகளை அளந்து பார்க்கும் பிரிவில் சேர்ந்தவன். அவர் பூந்தமல்லிக்காரர், லேத் ஓட்டியவர். அவர் கடைந்து அனுப்பும் துண்டு என் மேசைக்கு வரும். எண்ணெயும் பிசிறுமாக வந்தால் நான் அளக்கவே மாட்டேன். "ஜாப்பைத் துடைக்காம கேஜ் வைக்கக் கூடாது. துடைச்சிட்டு வாங்க" என்று திருப்பித் தள்ளிவிடுவேன். துண்டுக்கும் அளக்கிற கேஜுக்கும் இடையில் ஒரு தூசு நின்றால் போதும், நல்ல துண்டு கழிவாகத் தெரியும். என் சர்வீஸ் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சகலை கேன்டீனில் என்னைப் போலவே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வடையைக் காகிதத்தில் ஒற்றி, "தொடைச்சிட்டு வாங்க" என்று நடித்துக் காட்டுவார். "எங்க சகலை ஊட்லயும் இப்டித்தாம்பா. இட்லியக்கூட தொடைச்சிட்டுத்தான் துன்னுவாரு" என்பார். மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும், ஆனால் மறுநாளும் அவர் பக்கத்தில்தான் போய் உட்காருவேன்.

ஓய்வு பெற்ற பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, வெள்ளானூரில் ஒரே தெருவில் வீடு கட்டிக்கொண்டோம். அவருடைய ஒரே மகள் திருமணமாகி அம்பத்தூரில் இருந்தாள். அவர் மனைவிக்கு, அதாவது என் கொழுந்தியாளுக்கு, நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். காலில் ஒரு செருப்புக் கடி, அது புண்ணாகி, ஆறாமல், கடைசியில் காலோடு நிற்காமல் ஆளையே கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிடும்போது, அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து ஓர் இனிப்புப் பெட்டி வந்தது. பாதி காலி. என் மனைவி அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவளத்தான் கோட்ட விட்டுட்டோம். இவரையாவது விடாம புடிச்சு வைங்க" என்று என்னிடம் சொன்னாள். சகலைக்கும் அப்போது சர்க்கரை இருந்தது. ஆனால் மாத்திரையில் அடங்குகிற அளவுதான்.

நான் பிடித்து வைத்தேன். சாப்பாடு எங்கள் வீட்டில் என்று ஆயிற்று. காலையில் அவர் நடைப்பயிற்சி முடித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். வியர்த்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். காபிக்கு முன்னால் நான் அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, என் மகன் வாங்கித் தந்த சிறிய கருவியில் வைத்துப் பார்ப்பேன். இடது கை விரல்கள் லேத்தில் தடித்துக் காய்த்துப் போனவை, ரத்தம் எளிதில் வராது. அதனால் எப்போதும் வலது கை. ஆரம்பத்தில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட் ஈரம் இருந்தால் கணக்கு தப்பும் என்று யாரோ சொல்ல, பஞ்சை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக எதுவும் செய்யவில்லை. "குத்து சகலை, குத்து. லேத்து குடுத்த காயத்தவிட நீ குடுத்த காயம் ஜாஸ்தி" என்று கையை நீட்டுவார்.

சில மாதங்களில் காலை அளவு ஏற ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் இருநூறைத் தாண்டி நின்றது. நான் சோற்றைக் குறைத்தேன், இட்லியைக் குறைத்தேன், இரவில் கேழ்வரகு தோசை என்றேன். இறங்கவில்லை. இடையில் ஓரிரு நாள் நன்றாக இறங்கும், மறுபடி ஏறும். இறங்கிய நாட்கள் எவை என்று யோசித்தேன். மழை பெய்து அவர் நடக்கப் போகாத நாட்கள். அப்படியானால் நடக்கப் போகிற நாளில் வழியில் எங்கோ சாப்பிடுகிறார். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்த வீடு அது. நான் ஒருமுறை ஏமாந்தவன்.

அதற்கு நான் ஒரு பெயர் வைத்தேன்: கள்ளத்தீனி. காலையில் கருவி எண்ணைக் காட்டியதும், "இன்னைக்குக் கள்ளத்தீனி எந்தக் கடையில?" என்று கேட்பேன். அவர் முதலில் சிரித்தார். "உன் கண்ணுக்குத் தெரியாம நான் இன்னா துன்னுட முடியும்? நீ சிபிஐ கணக்கா கீற." நான் சிரிக்கவில்லை. வீட்டில் சர்க்கரை டப்பாவில் எந்த மட்டத்தில் சர்க்கரை இருக்கிறது என்று வெளிப்புறம் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். அவர் கை கழுவப் போகும்போது அவர் கைலி மடிப்பைப் பார்த்தேன். முக்குக் கடைக்காரரிடம் போய், நீலச் சட்டை போட்ட பெரியவர் காலையில் இங்கே டீ குடிக்கிறாரா என்று விசாரித்தேன். கடைக்காரர் இல்லை என்றதும் அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் அப்படித்தான், இல்லை என்கிற பதிலையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் சட்டையில் எறும்பைப் பார்த்தேன். விரலில் ஒட்டிய சர்க்கரையோடு வாசலுக்குப் போய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன?"

அவர் பேப்பரை மடித்தார். "நாட்டுச் சக்கரை. எறும்புக்கு."

"யாருக்கு?"

"எறும்புக்குப்பா. ஊட்டுக்காரி போட்டுகினு இருந்தா இல்ல, அரச மரத்தாண்ட? நொய்யரிசியும் சக்கரையும் கலந்து. அவ போனப்புறம் அதுங்க பட்னி கெடக்குமேன்னு நான் போட்றேன்."

"எந்த எறும்பு? கைலி கட்டின எறும்பா?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அவர் "நீ நம்பாட்டி போ" என்று பேப்பரைத் திரும்பப் பிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். அந்த வயதில் ஒரு மனிதன், நின்றிருந்த லோடு ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தன் சகலையை வேவு பார்ப்பதை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. குளக்கரை அரச மரத்தடியில் ஒரு சிறிய பிள்ளையார் இருக்கிறார். சகலை அங்கே போய், எனக்கு முதுகு காட்டிக் குந்தினார். கை பைக்குப் போயிற்று. முழங்கை மடங்கியது, நீண்டது, மறுபடி மடங்கியது. தலை குனிந்திருந்தது. கடைசியில் தோளில் கிடந்த துண்டால் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பி நடந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் முன்னால் போயிருந்தால் மரத்து வேரடியில் மொய்த்துக்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்திருப்பேன். அவர் துடைத்தது முகத்து வியர்வையை. நான் அளப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஆனால் அன்று கிட்டப் போய்ப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பார்த்தால் என் முடிவு மாறிவிடுமோ என்று உள்ளுக்குள் எங்கோ பயம் இருந்திருக்கலாம்.

அன்று மதியம் அவர் மகள் வந்திருந்தாள். என் மனைவியும் மகனும் இருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் நான் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "அப்பாவை இன்னைக்குக் கண்ணால பார்த்தேன்மா. பிள்ளையார் முன்னாடி உட்கார்ந்து சர்க்கரையை வாயில போட்டுக்கிறார். கேட்டா எறும்புக்காம்." அந்தப் பெண் அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம். "அம்மாவ பாத்துமா உனக்கு புத்தி வரல?" என்றாள்.

சகலை கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அவர் முகத்தில் விளையாட்டு போயிருந்தது. "இத பாரு சகலை. உன் கொழுந்தியா மேல ஆணையா சொல்றேன். இனிமே நீயா எட்த்து உன் கையால குடுக்காம, ஒரு துளி இனிப்பு என் வாய்ல படாது. செத்தாலும் படாது. போதுமா?"

"பார்ப்போம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆணையிட்ட பிறகும் காலை எண் இறங்கவில்லை. எறும்புக்குப் போடுவதை அவர் விடவில்லை, விடுவதாகச் சொல்லவும் இல்லை. ஆகவே மனைவி மேல் பொய்ச் சத்தியம் செய்யவும் துணிந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். கருவியில் பதிவாகியிருந்த எண்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை, கையிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் மூன்று மாதச் சராசரி பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். நான் போகவில்லை. என் கருவி போதாதா என்று ஒரு வீம்பு. லேபுக்கு என்று தெரிந்தால் இந்த ஆள் கொஞ்ச நாள் வாயைக் கட்டிவிட்டு ஏய்ப்பார் என்று ஒரு எண்ணம். அதற்கடுத்த முறை டாக்டர் கேட்டபோது, "பார்த்தாச்சு சார், அதிலும் ரொம்ப அதிகம்தான். தாளை வீட்டில் வைத்துவிட்டேன்" என்றேன். அது பொய். இத்தனை நாள் பொய்யரைப் பிடிக்க அலைந்த நான் கூசாமல் சொன்ன பொய். சகலை நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்சுலின் ஆரம்பமானது. டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், கை நடுங்கினாலோ, குப்பென்று வியர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, யோசிக்காமல் உடனே சர்க்கரையோ ஜூஸோ கொடுக்க வேண்டும், உயர்ந்த சர்க்கரை நாளாக நாளாகக் கொல்லும், தாழ்ந்த சர்க்கரை அங்கேயே கொல்லும். நான் தலையாட்டினேன். வெளியே வரும்போது என் மனதில் ஓடியது வேறு. இந்த அடையாளங்களையெல்லாம் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டார். இனி இனிப்பு வேண்டுமென்றால் எப்படி நடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வேப்பம்பட்டில் அவருடைய அண்ணன் மகன் புது வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் இருவரும் ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் போனோம். டிபன் அங்கேதான் என்பது தெரியும். ஆனாலும் கிளம்பும் முன் வழக்கமான நேரத்துக்கு ஊசியைப் போட்டேன். நேரம் என்றால் நேரம் என்பது என் கொள்கை. அங்கே போனால் ஹோமம் முடியவில்லை. ஐயர் ஏதோ ஒரு பொருள் வரவில்லை என்று காத்திருந்தார். பந்தி தள்ளிக்கொண்டே போயிற்று. பின்கட்டில் நெய்யும் ஏலக்காயுமாகக் கேசரி மணம் வந்தது.

சகலை என் பக்கம் சாய்ந்தார். "சகலை, ஒரு வாய் காபி குட்க்கச் சொல்லேன். சக்கரை போட்டு."

"ஆரம்பிச்சாச்சா?"

"கை ஒதறுதுபா. சத்தியமா."

"டாக்டர் சொன்னதை நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க."

அவர் நெற்றியில் வியர்வை கோத்து நின்றது. ஹோமப் புகையில் எல்லோருக்கும்தான் வியர்த்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வீட்டு மருமகள் தட்டில் ஜூஸ் எடுத்து வந்தவள் அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "இன்னா மாமா இப்டி ஊத்துது உங்களுக்கு? இத குடிங்க மொதல்ல." அவர் டம்ளரைக் கையில் வாங்கினார். டம்ளர் ஆடி, கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார். "சகலை சொல்லட்டும்மா" என்றார்.

நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "அது வேர்வை இல்லம்மா. கேசரி வாசனைக்கு வர்ற ஜொள்ளு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டம்ளரைத் தட்டில் திரும்ப வைத்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

சற்று நேரம் கழித்து, "ஷிஃப்ட்டு முட்ஞ்சிதா?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். எழுந்து, செருப்பில்லாமல் வெளியே நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார், வெளியில் ஏதாவது வாங்கித் தின்னப் போகிறார், இரண்டில் ஒன்று என்று இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், எதிர்முனை டீக்கடைக்கு முன்னால் கால்வாய் மூடிக் கல் மேல் ஒருக்களித்து விழுந்து கிடந்தார். கடைக்காரர் அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் சர்க்கரையைத் தடவிக்கொண்டிருந்தார். "எங்க நைனாவுக்கும் இப்டி வரும், அதான் புரிஞ்சிது" என்றவர், நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "ரொம்ப நேரம் இந்தச் சக்கரை பாட்டிலயே பாத்துகினு நின்னாரு. இன்னா வோணும் பெர்சுன்னு கேட்டேன். சகலையக் கேக்கணும்னு மட்டும் சொன்னாரு. நீங்கதான் சகலையா?"

நினைவு திரும்பியது. ஆனால் இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். நான் எடுக்க மறுத்த அந்த மூன்று மாதச் சராசரியும் அதில் இருந்தது. பெரிய டாக்டர் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இவருக்குச் சர்க்கரை நல்லாத்தானே கட்டுப்பாட்டில் இருந்திருக்கு. இவ்வளவு இன்சுலின் எதுக்கு?" நான் கருவியைக் காட்டினேன். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்றார். உடனே எனக்கு ஒரு விளக்கம் கிடைத்துவிட்டது. காலையில் கள்ளத்தீனி, மற்ற நேரமெல்லாம் என் கண்காணிப்பு; அதனால்தான் சராசரி நன்றாக இருக்கிறது என்றேன். அந்த நல்ல எண்ணுக்கான பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் மகள் போன் செய்தாள். "பெரியப்பா, அப்பா ஒரே தொல்லை. எறும்புக்குப் போடணுமாம். யாராவது போய் போட்டாத்தான் தூங்குவேங்கிறாரு." அவளுடைய குரலிலும் நம்பிக்கை இல்லை, நோயாளியைச் சமாதானப்படுத்தும் குரல். நான் அவர் வீட்டைத் திறந்து, அடுக்களையில் அவர் கலந்து வைத்திருந்த டப்பாவைக் கண்டுபிடித்து, நொய்யும் நாட்டுச் சர்க்கரையுமாக ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அரச மரத்தடிக்குப் போனேன். வேரடியில் எறும்புகள் முன்பே சுற்றிக்கொண்டிருந்தன, வேளைக்குப் பழகியவை போல. குந்தி, விரல்நுனியால் கிள்ளிக் கிள்ளித் தூவினேன். தூவத் தூவ முழங்கை மடங்கியது, நீண்டது. துண்டில் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். லோடு ஆட்டோ நின்றிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயிருந்து பார்த்தால் நான் தின்பதாகத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து, மேசையில் கிடந்த கருவியை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. அந்தக் காலத்தில் எனக்குச் சர்க்கரை கிடையாது. வலது கை விரலில் குத்திச் சொட்டை வைத்தேன். இருநூறைத் தாண்டிக் காட்டியது. முதலில் எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு கையைப் பார்த்தேன். ரேகைகளில், நகக் கண்ணில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. கொல்லைக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். நூற்றுக்குக் கீழே. நாற்காலியில் உட்கார்ந்தவன், என் மனைவி வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. விரலில் ஒட்டிய சர்க்கரையை அளந்துவிட்டு, அது ரத்தத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஜாப்பைத் துடைக்காமல் கேஜ் வைத்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்து ஒரு மனிதனைப் பொய்யனாக்கி, மருந்தை ஏற்றி, மருந்து அவரைக் கீழே தள்ளியபோது கையிலிருந்த டம்ளரையும் திருப்பி வைக்கச் செய்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய், யாருமில்லாத நேரம் பார்த்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலில் எடை கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் இரண்டு விரலால் இல்லாத மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"தொடைச்சிட்டு வாங்க" என்றார்.

அதன் பிறகு சிரிக்க முயன்று இருமினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றேன். "வுடு சகலை. உன் ஊட்ல அண்ணிக்குத் தெரிஞ்சா உன்ன உரிச்சிருவாங்க. நீயும் நானும் அறிஞ்சா போதும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எறும்புக்கு மட்டும் போட்டுனு இரு" என்றார்.

அவர் என்னை மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. அதை நான் ஒளிந்துகொள்ளும் இடமாக்கிக்கொண்டேன். அறுவை முடிந்து அம்பத்தூரில் மகள் வீட்டில் படுத்தவர் மறுபடி நடக்கவேயில்லை. படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, சில மாதங்களில் போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டில், மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல மனுஷன், வாயைத்தான் கட்டத் தெரியல. பிள்ளையார் முன்னாடியே உக்காந்து துன்னுவாராம். பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணிட்டும் வுடலயாம். அவர் மகள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வைத்த பெயர், நான் பரப்பிய கதை. அவர் காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் பிறகு வருடங்களாக நீண்டது.

இப்போது எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலில் குத்திப் பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கும் போகிறேன். அளந்து முடித்த பிறகுதான் அரச மரத்துக்கு. இந்த வரிசை தவறியதில்லை. வெள்ளானூரில் வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி எழும்பி, மாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. மரமும் பிள்ளையாரும் எறும்பும் மட்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

போன வாரம் லேபில் என் சராசரி கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்த நாள் நான் மரத்தடிக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது என் மகன் சட்டைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தரையோரத்திலிருந்து எறும்புகள் சுவரேறிக்கொண்டிருந்தன. அவன் விரல் நுனியில் நாட்டுச் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"பாக்கெட்ல என்னப்பா இது?"

"எறும்புக்குடா."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எதிரிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. "அம்மா, இங்க கொஞ்சம் வா. சித்தப்பா கதை இங்கயும் ஆரம்பிச்சிருச்சு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான்.

அவள் ஈரக் கையோடு வந்தாள். இருவரையும் உட்காரச் சொன்னேன். சித்தப்பா கதை என்று இந்த வீட்டில் ஒன்று கிடையாது, அது நான் கட்டியது என்று ஆரம்பித்தேன். கழுவாத விரல், டாக்டரிடம் சொன்ன பொய், வேப்பம்பட்டில் திரும்பிப் போன டம்ளர், அவர் சொல்லாதே என்றது, நான் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அம்பத்தூருக்குப் போன் செய்து அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். அவள் "அப்பா திங்கலயா பெரியப்பா?" என்று மட்டும் கேட்டாள். "இல்லம்மா. ஒரு நாளும் திங்கல" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். இதுவரை திரும்பக் கூப்பிடவில்லை. அன்று சாவு வீட்டுக்கு வந்திருந்த மற்றவர்களுக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியாததால் இதை எழுதுகிறேன்.

என் மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள். உதறப் போனவள், கையை நிறுத்தினாள். பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எறும்புக்குன்னு அவரு சொன்னாரே" என்றாள். "உள்ள இருந்து என் காதுல விழுந்துச்சே. நானும்ல சிரிச்சேன்."

சட்டையை உதறாமல் அப்படியே ஆணியில் மாட்டினாள். வரிசை கலைந்து சுவரில் சிதறியிருந்த எறும்புகள் கொஞ்ச நேரம் இங்குமங்கும் ஓடின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பையை நோக்கி ஏறத் தொடங்கின.